மூன்றாவது கட்டம்

செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை.
காலையிலேயே வந்து ஏஜென்சிக்காரர் தாளை வைத்தார்:
இங்கிலீஷ் ஒரு பக்கம், ஸ்லோவாக் ஒரு பக்கம்.
"பதினாலு பேரு போறாங்க, கார் கம்பெனி.
மூணாவது கட்டத்துல தமிழைப் போட்டு
லேமினேட் பண்ணிரும்மா. சாயங்காலம் வேணும்."
பதினாலில் ஒருவர் என் வீட்டுக்காரர் என்பது
அவருக்குத் தெரியும்.
அதனால்தான் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டார்.

நட்டு, போல்ட்டு, கையுறை, அபாயம்:
முதல் பக்கம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.
இரண்டாம் பக்கத்தின் தலைப்பு, உணர்ச்சிகள்.

ஒர்ரி என்று இருந்தது. எதிரே ஸ்தரொஸ்த்.
கவலை என்று அடித்தேன்.
அடித்துவிட்டுக் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு ஏறும்
இறைவைக்கும் அதுதானே பெயர்.
புதுவயல் மில்காரரிடம் மூன்று லட்சம், இரண்டு வட்டி.
இரவெல்லாம் இறங்கி ஏறுகிறது;
சால் ஒருநாளும் காலியாக வந்ததில்லை.

நெட்டில் தேடினால், ஸ்தரொஸ்தா என்பது
அந்த ஊரில் நகரத் தலைவராம்.
கவலைக்கு ஓட்டுப் போட்டு
நாற்காலியில் உட்கார்த்தியிருக்கிறார்கள்.
சிரித்துவிட்டேன். பக்கத்து மிஷினில்
ஆதார் நகல் எடுத்த பையன் திரும்பிப் பார்த்தான்.

ஆங்ஸைட்டிக்கு நேரே ஊஸ்கொஸ்த்.
அதற்குள் குறுகல் என்கிற சொல் ஒளிந்திருக்கிறதாம்.
பதற்றம் என்று போடச் சொன்னது அகராதி.
பதற்றத்துக்குக் கை கால் உண்டு, ஓடும்.
இது ஓடாது.
கல்லுக்கட்டிப் பக்கம் சந்துக்குள் போகையில்
எதிரே லோடு ஆட்டோ வந்தால்
மூச்சைப் பிடித்துச் சுவரோடு ஒட்டுவோமே, அது.
நெஞ்சடைப்பு என்று அடித்தேன்,
ஆஸ்பத்திரி ஞாபகம் வந்து அழித்தேன்,
டென்ஷன் என்று போட்டேன்.
பதினாலு பேருக்கும் புரியும்.

ஸ்த்ராஹ், பயம். ஹ்னெவ், கோபம்.
ராதொஸ்த், சந்தோஷம்.
பதினேழாவது வரியில் கை நின்றது.
ஐ ஆம் ஸேட், என்றது இங்கிலீஷ்.
நானே சோகம், உச்சி முதல் கால்வரை நானே.
ஸ்லோவாக்கில், யெ மி ஸ்முத்னோ.
பிரித்துப் பார்த்தால்: இருக்கு, எனக்கு, சோகமா.
எனக்கு.
எனக்குக் குளிருது, எனக்குப் பசிக்குது என்பதுபோல.
வந்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகும்.
அத்தனை தூரத்தில், அந்தப் பனிக்குள்ளே
நம்மைப் போலவே பேசியிருக்கிறார்கள்.

ஆனால் மூன்றாவது கட்டத்தில் என்ன போட?
எட்டு வருஷத்தில் சேவுகன் அந்த வாக்கியத்தை
ஒரு தடவையும் சொன்னதில்லை.
அவர் அப்பா போன அன்றும்
பந்தல்காரருக்குப் பாக்கி எவ்வளவு என்றுதான் கேட்டார்.
வாயில் வராததை எந்த எழுத்துருவில் அடிப்பது?
காலியாக விட்டேன்.
லேமினேஷன் சூட்டில் சரியாக அதன் நடுவே
ஒரு காற்றுக்குமிழ் நின்றுவிட்டது.
ஏஜென்சிக்காரர் கவனிக்கவில்லை,
பதினாலையும் எண்ணி வாங்கிப் போனார்.

இப்போது ஜனவரி. மதியம் பன்னிரண்டரை, கரண்ட் இல்லை.
கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்க்க
கண்டனூர்க்காரர் ஒருவர் வேர்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.
போன் அடிக்கிறது. அங்கே காலை எட்டு.
ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறார், பின்னால் வெள்ளையாய் எல்லாம்.
சாப்பிட்டீங்களா. ஆச்சு. ரசப்பொடி இருக்கா. இருக்கு.
பணம் ஏறிருச்சா. ஏறிருச்சு.
பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிரிப்பது மாதிரி,
"யெ மி ஸ்முத்னோ" என்கிறார்.
"உச்சரிப்பு பழகுறேன்" என்கிறார்.

முகூர்த்த நேரம் தப்பாயிருக்கு என்று
கண்டனூர்க்காரர் தாளை நீட்டுகிறார்.
தப்பின்மேல் விரலை வைத்துக்கொண்டே
"பதினேழாவது வரி" என்கிறேன் போனில்.
"ஆமா. அதுல தமிழ் விட்டுப்போச்சு."

"தெரியும்" என்கிறேன்.
அவர் பஸ் வந்துவிட்டது.