சரி

ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்கு எதிரே
செல்போன் கவர்கள் கொத்தாகத் தொங்கும் கடை.
வில்மர் ஸ்டூலைக் காலால் நகர்த்திவிட்டான்.

"நான் தொட மாட்டேன்" என்றான்.
"உன் போனை நீ உடைத்துத் திறந்தால்
சட்டம் கண்டுகொள்ளாது.
திறந்து கொடுத்து நான் காசு வாங்கினால்
என்னை விடுமா?
கேட்ட வக்கீல்களெல்லாம் இருமுகிறார்கள்.
நீயே செய்.
நான் பக்கத்தில் நின்று
கால்பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்."

எந்தப் பூட்டை யார் திறக்கலாம் என்று
மூன்றாண்டுக்கு ஒருமுறை வாஷிங்டனில்
ஒரு நூலகர் தீர்மானிக்கிறாராம்.
நூலகர்!
தாமதக் கட்டணம் கேட்பவர் என்று
நினைத்திருந்தேன்.

இருபத்துநாலு தவணை கட்டி முடித்த போன்.
ரசீதில் என் பெயர்தான், ஒரு எழுத்து தப்பாக.
ஆனால் இதற்குள் ஒரு தமிழ் எழுத்துருவை வைக்க
எனக்கு அனுமதி இல்லை.
சுவரில் ஆணி அடிக்க
வீட்டுக்காரரைக் கேட்கிறேன்.
அது வாடகை வீடு.
இது?

கயல் எழுதுவதெல்லாம்
இதில் கட்டமாக வந்து விழும்.
கட்டம் கட்டம் 2 கட்டம்.
கட்டம் கட்டம் கட்டம் கட்டம் ?
எண்ணும் கேள்விக்குறியும் மட்டும்
சோதனையில் தப்பி வந்துவிடும்.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதச் சொன்னால்
செருப்போடு சமையலறைக்குள் வராதீங்க என்பாள்.
அவளுக்கு இரவில் ஆஸ்பத்திரி,
எனக்குப் பகலில் செகாகஸ் கிடங்கு.
கதவருகே பத்து நிமிடம் பார்த்துக்கொள்வோம்,
அதிலும் ஐந்து நிமிடம் சாவி தேடுவோம்.
நானே அடம்பிடித்து வாங்கிய போன்,
இதில் தமிழ் வராது என்று
எப்படிச் சொல்வேன்?

ஒவ்வொரு கட்டத்துக்கும்
'சரி' என்று ஆங்கில எழுத்தில் அனுப்பினேன்.
பழக்கம்தான்.
வாங்கிய அன்று ஐம்பத்தாறு பக்க ஒப்பந்தத்தை
நாலே விநாடியில் ஒப்புக்கொண்ட
அதே கட்டைவிரல்.

கேபிளைச் செருகினேன்.
உத்தரவாதம் ரத்தாகும் என்றது திரை.
வில்மர் ஈக்வடாரின் கோல்கீப்பரைத்
திட்டிக்கொண்டிருந்தான்.
திரை இருண்டது.
இருண்டே கிடந்தது.
கோல்கீப்பரின் அம்மாவரை வந்துவிட்டான்.

பிறகு
ஒரு கொம்பு முளைத்தது,
ஒரு சுழி, ஒரு புள்ளி.
மூன்று மாதம் மூச்சடக்கிக் கிடந்தவை
மளமளவென்று எழுந்து நின்றன.

'பால் 2. வெங்காயமும்.'
சரி.

'அரிசி தீந்துபோச்சு.'
சரி.
(வாங்கி வரவில்லை.
அவள் கேட்கவும் இல்லை.)

'இந்த வேலையை விட்டுடலாமான்னு இருக்கு.
நீங்க என்ன சொல்றீங்க?'
சரி.

'நேத்து 6ஆம் நம்பர் பெட்டில இருந்தவர் போயிட்டார்.
என் கையைப் பிடிச்சிக்கிட்டே.'
சரி.

'சிகாகோவுல அக்கா வீட்டுக்குப்
போயிட்டு வரட்டுமா?
எப்ப வருவேன்னு தெரியல.'
சரி.

'ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?'
சரி.

"வேலை செய்கிறதா?" என்றான் வில்மர்.
தலையாட்டினேன்.
காசு வாங்க மறுத்தான்.
"எதுவும் நடக்கவில்லை.
நீ ஒரு கவர் வாங்க வந்தாய்."
பன்னிரண்டு டாலர். பச்சை நிறம்.
வேறு மாடலுக்கானது.

மணி ஆறு ஐந்து.
ஆறு நாற்பதுக்கு அவள் கிளம்புவாள்,
இன்று ஆஸ்பத்திரிக்கு என்றுதான் நினைக்கிறேன்.
புதுத் தமிழ்ப் பலகையில்
ஏகாரத்தைத் தேடியே ஒரு சிக்னல் போய்விட்டது.
'ஏன்' என்று அடித்தேன்.
அனுப்பவில்லை.
வாய் இருக்கிறதே என்று
பேருந்தை விட்டுவிட்டு
ஓட ஆரம்பித்தேன்.