வெளிப்பக்கம் திறக்கும் கதவு

மதில் சுவரிலிருந்து போர்வெல் குழாய்வரை
ஏழடி இரண்டங்குலம்.
அகலம் ஐந்தரை.
துவைக்கிற கல்லை மங்களேஸ்வரி
விட்டுத்தர மாட்டாள் என்பதால்
நாலே முக்கால்.
லக்கெரெயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
வானம் இவ்வளவுதான்.
அதற்குக் கீழே ஒரு சானா வைக்கப் போகிறேன்.

"முப்பத்தொரு வருஷம்
சம்பளம் வாங்கிக்கிட்டு வேர்த்தீங்க.
இப்போ காசு கொடுத்து வேர்க்கணுமா?"
வெங்காயம் நறுக்கியபடி கேட்கிறாள்.
பதில் இருக்கிறது, முழங்காலில்.
டிசம்பர் விடியலில் பால் வாங்க
படியிறங்கும்போது அது வாய் திறக்கும்.

பீன்யாவில் மூடிப்போன கம்பெனி
ஏழு வருஷம் இழுத்தடித்துக் கொடுத்த
கிராஜுவிட்டி பாக்கி
வங்கியில் சும்மாதான் கிடக்கிறது.

ஹெண்ணூர் சாலைக் கடையில்
"பன்னி சார்" என்று வரவேற்றான் பிரஜ்வல்.
முதலில் பீப்பாய்.
மழை உருண்டு ஓடிவிடுமாம்.
உட்கார்ந்து பார்த்தேன்,
ஜாடிக்குள் ஊறுகிற எலுமிச்சைக்கு
முதுகு வலிக்குமென்று தெரிந்துகொண்டேன்.

அடுத்தது கறுப்புப் பெட்டி,
முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி.
எதிர் மாடியில் ரேவண்ணாவின் மனைவி
வடகம் காயவைக்கிற நேரம்
இடுப்புத் துண்டோடு நான்.
வேண்டாம்.

மூன்றாவதில் கல்லும் கிடையாது, ஆவியும் கிடையாது.
சிவப்பு விளக்கு மட்டும்.
சாதாரண பிளக்கே போதும் என்றான்.
பேக்கரிக் கண்ணாடிக்குள்
பல்புக்குக் கீழே காத்திருக்கும்
எக் பப்ஸ் ஞாபகம் வந்தது.

கடைசியில், மூலையில், சின்னதாய் ஒன்று.
நாலடிக்கு ஆறடி. தட்டையான கூரை.
"இது ஹீட் ட்ரீட் பண்ணின மரம் சார்."
அந்த வார்த்தையை அவன்
யாரிடம் சொல்கிறோமென்று தெரியாமல் சொன்னான்.
எத்தனை டிகிரி என்றேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
எவ்வளவு நேரம் ஊறவிட்டார்கள்?
கையேட்டைப் புரட்டினான் பாவம்.

எண்ணூற்றைம்பதை நான்
மீட்டர் பார்க்காமல் சொல்வேன்,
பழுத்த கோவைப்பழம்.
இருநூற்று இருபது, வைக்கோல்.
எண்பது டிகிரிக்கு நிறமே கிடையாது.
கிழவனாகிப் பழகவேண்டிய சூடு.

"எல்லாரும் முதல்ல விலை கேப்பாங்க.
நீங்க ஏன் சார் ஒவ்வொண்ணுலயும்
உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு
தோளால இடிக்கிறீங்க?"

சாந்தப்பாவைப் பற்றி
அந்தப் பையனிடம் சொல்லவில்லை.
தொண்ணூற்று நாலு, இரவு ஷிஃப்ட்.
முழுதாக ஆறாத உலைக்குள்
செங்கல் பார்க்கப் போனான்.
கதவுக் கொண்டி தானாக விழுந்தது.
நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்,
பதினோரு நிமிஷம்.
பிழைத்துக்கொண்டான்.
அப்புறம் ரிடையர் ஆகும்வரை
கக்கூஸ் கதவைக்கூட அவன் சாத்தியதில்லை.
ஒருத்தரும் அதைச் சொல்லிச் சிரித்ததில்லை.

பீப்பாய்க்கு வெளியே மரக் கொக்கி.
கறுப்புப் பெட்டிக்குக் காந்தம், பிடிவாதமான காந்தம்.
சிவப்பு விளக்கு உள்பக்கம் திறக்கிறது,
மயங்கி விழுந்தால் என் உடம்பே தாழ்ப்பாள்.
சின்னதுக்குக் கொண்டியில்லை, பூட்டில்லை.
ஒரு உருளை, அவ்வளவுதான்.
சுண்டுவிரலால் தள்ளினேன்,
வெளியே போய் நின்றது கதவு.

நாலரைக் கிலோவாட்.
பெஸ்காமில் லோடு ஏற்ற விண்ணப்பம்,
எர்த்திங், அடியில் சிமெண்ட் மேடை,
மேலே வரி.
தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து சாக்பீஸால் வரைந்தபோதுதான்
இடித்தது.
வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கு
வெளியே இடம் வேண்டும்.
அரைவட்டம் நேராகத்
துவைக்கிற கல்லின் மேல் ஏறியது.

ஈரக் கையோடு வந்து நின்றாள்.
கோட்டைப் பார்த்தாள்.
கல்லைப் பார்த்தாள்.
சாந்தப்பாவின் வீட்டுக்கு அந்த வாரம் முழுக்கச்
சாப்பாடு கொண்டுபோனவள் அவள்தான்.

"ஒரு அடி தள்ளிப் போடலாம்" என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"ரெண்டு பேர் உக்காரலாமா அதுல?"
உட்காரலாம், இடித்துக்கொண்டு.
"கரண்ட் பில் மட்டும்
உங்க பென்ஷன்ல."