வெள்ளைப் பயிர்

கண்ணாடி இலை விரிந்த கையோடு
தொண்டைக்கதிரை அறுத்துவிடுகிறோம்.
பூக்க விடுவதில்லை.

இக்சானில் ஆகஸ்ட். வெளியே புழுக்கம்.
கதிர்கள் பத்து நாளாய்க் குளிர்பெட்டியில்,
மால்சுக்கின் கிம்ச்சி டப்பாவுக்கு அடுத்த தட்டில்.
சாப்பாடு வைக்காதே என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

இடுக்கி, ஸ்பிரிட் விளக்கு.
உமியின் நுனி வெட்டி உதறினால்
மகரந்தப்பைகள் கூழ்மேல் விழும்,
ஒரு தட்டுக்கு அறுபது.
எண்ணிக்கை தப்பினால் மறுபடி எண்ணமாட்டேன்.
அறுபது என்றே எழுதுவேன்.

பிறகு இருட்டு, ஏழு வாரம்.
மகரந்தத்துக்குத் தான் யாரென்று மறந்துபோகிறது.
மஞ்சளாய் ஒரு கட்டி.
வெளிச்சத்தில் வைத்தால் முளை.

நாலாயிரத்தில் முளைத்தது நூற்றுமுப்பது.
அதில் எண்பது வெள்ளை.
வேர், தண்டு, இலை எல்லாம் வெள்ளை.
கூழில் சர்க்கரை உள்ளவரை உயிர்.
டாக்டர் தோவின் பட்டியலில் அவை கழிவு.

பச்சையிலும் பாதி பதர்.
ஒற்றை இழைப் பிறவி, இணை சேர ஆளில்லை.
வேரைக் கழுவி
காந்தள் விதையின் நஞ்சில் ஊறவைக்கிறோம்.
சில சாகும். சில இரட்டிக்கும்,
தன்னோடு தானே கைகோத்து.

எட்டு வருஷ வேலை ஒரே வருஷத்தில் என்று
விருந்தாளிகளிடம் சொல்வார்கள். உண்மைதான்.
ஒரு நாற்றுக்கும் அடுத்த நாற்றுக்கும்
மயிரிழை வித்தியாசமில்லை.
குளிர் வந்தால் எல்லாம் சேர்ந்து நிற்கும்,
இல்லை, எல்லாம் சேர்ந்து விழும்.

வெள்ளிக்கிழமை கழிவைக் கொதிகலனில் போடுவது என் முறை.
எழுபத்தொன்றாம் குழாயை மட்டும் விட்டுவிட்டேன்.
வெள்ளை. மூன்று இலை.
மால்சுக் பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல்
சர்க்கரைக் கூழ் இன்னொரு குழாய் எடுத்துவந்தாள்.