முட்டை விற்கும் ஆங்கிலம்

என் அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம்
மொத்தம் ஒரு கூடை அளவு.
டஜன். அரை டஜன். புதுசு. நேற்றையது.
உடைந்தது ஒன்று, மன்னிக்கவும்.
சில்லறை இருக்கிறதா.
இருபத்தாறு வருடமாய் ஐயோவாவில்
அதற்குமேல் தேவைப்படவில்லை.
ஜெபம் ஜெர்மனில் நடந்தது,
சண்டையும்.
பசுக்கள் இந்த ஊரிலேயே பிறந்தவை,
ஆனாலும் அவள் வைததெல்லாம் புரிந்து
காலை நகர்த்தி நின்றன.

அந்த மே மாதம் ஆளுநரின் ஆணை வந்தது:
தெருவில், ரயிலில், தேவாலயத்தில், தொலைபேசியில்
இனி ஆங்கிலம் மட்டும்.
போதகர் பிரசங்கித்தார்,
தொண்டையில் மீன்முள் சிக்கினவர் மாதிரி.
அப்பா டெட்லெஃப் ஊருக்குள் பேசுவதையே விட்டார்,
கடையில் ஆணியை விரலால் காட்டினார்.
யாரோ ஓர் இரவில் எங்கள் களஞ்சியக் கதவில்
மஞ்சள் பெயிண்டை ஊற்றிப் போனார்கள்.
அம்மா அதைக் கழுவவில்லை.
"கதவு பெயிண்ட் கண்டு பத்து வருஷம்.
மீதியையும் அடித்துவிட்டுப் போயிருக்கலாம்."

நான் அப்போது தொலைபேசி நிலையத்தில் வேலை.
வீட்டில் ஹெட்விக், அங்கே ஹாட்டி.
தலையில் இரும்பு வளையம், எதிரே நாற்பது துளைகள்.
மேலாளர் குரோஸ்பி ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்:
ஜெர்மன் கேட்டால் செருகியைப் பிடுங்கு,
பெயரை எழுது.
ஜூன் மாதம் ஏழு பெயர் எழுதினேன்.
அதில் மூன்று பேர்
என் திடப்படுத்தல் நாளுக்குக் கேக் சுட்டவர்கள்.

வியாழன்தோறும் நாலு மணிக்கு
அம்மா வீப்கெ சித்தியை அழைப்பாள்.
ஆணைக்குப் பிறகும் அழைத்தாள்.
"டஜன்?" என்பாள் சித்தி.
"டஜன்," என்பாள் அம்மா.
பிறகு இருவரும் மூச்சு விடுவார்கள்.
சித்தி வீட்டுக் கடிகாரம் கேட்கும்,
எங்கள் வீட்டு நாய் கேட்கும்.
மூன்று நிமிடம். அதற்கும் காசு உண்டு.
மூச்சைப் பற்றிக் காகிதத்தில் எதுவும் இல்லை.
விட்டுவைத்தேன்.

ஹின்ரிக்கைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது.
"அவன் பேசினால்தான் குற்றம்,
சுட்டால் பரவாயில்லையாம்," என்றார் அப்பா,
கொட்டிலுக்குள், மெதுவாக.
பிரான்ஸிலிருந்து கடிதம்: மழை. காலுறை அனுப்பு.
தணிக்கைக்காக ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்.
அடுப்பைப் பார்த்தபடி
அதை அம்மாவுக்கு மாற்றிச் சொன்னேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்.
ஏழாம் துளையின் மூடி விழுந்தது. எங்கள் வீடு.
வியாழன் இல்லையே என்று நினைத்தபடி செருகினேன்.
"எண்?" என்றேன், யாரோ போல.
அவளும் யாரோ போலச் சொன்னாள்.

"டஜன்?" என்றாள் சித்தி.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
"அரை டஜன்," என்றாள் அம்மா.
நாங்கள் ஆறு பிள்ளைகள்.
"அரை டஜன். உடைந்தது ஒன்று."
பிறகு, வாய்ப் பழக்கத்தில்,
"மன்னிக்கவும்."

தந்திப் பையன் காலையில் சைக்கிளில் போனதை
ஜன்னல் வழியே பார்த்திருந்தேன்.
கையாட்டியும் இருந்தேன்.

பிறகு அம்மா பேசினாள்.
பள்ளிக்கூடமே ஏற்காத
எங்கள் தாழ்நிலப் பேச்சில்,
மாட்டுக்கொட்டில் பேச்சில்.
அவன் பிறந்த இரவின் பனி,
அவன் ஒதுக்கிவைத்த முள்ளங்கி,
காலுறை இன்னும் முடியவில்லை வீப்கெ,
குதிகால் வரைதான் வந்திருக்கிறது.

குரோஸ்பி என் பின்னால் வந்து நின்றார்.
என் கை செருகியின்மேல் இருந்தது.
கையைப் பார்த்தார்.
பிடுங்கு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் இல்லை.
போய் ஜன்னலைச் சாத்தினார்.

பொதுக்கம்பியில் வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள்.
அபராதம் பதினைந்து டாலர், செஞ்சிலுவைக்கு.
அம்மா முட்டையாகக் கட்டினாள்,
முப்பத்தெட்டு டஜன்.
அன்று வண்டியை நான்தான் ஓட்டினேன்.
எண்ணி வாங்கிய பெண் சொன்னாள்,
இதில் ஒன்று உடைந்திருக்கிறதே.

அதற்கான பதில் அம்மாவுக்குத் தெரியும்.
காத்திருந்தேன்.
அவள் காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி
வண்டியில் ஏறிக்கொண்டாள்.