கொழிஞ்சாம்பாறையில் ஒரு சொல்

அப்பளத்துக்கு எண்ணெய் வைத்துவிட்டு
சிலிண்டர்காரனுக்குச் சில்லறை தேடினேன்.
திரும்பினால்
வாணலிக்குள் தீ நின்றுகொண்டிருக்கிறது,
சத்தமே இல்லாமல்.

குடத்தைத் தூக்கிவிட்டேன்.

பக்கத்துப் போர்ஷன் சௌதாமினி சேச்சி
சன்னல் கம்பிக்கு அப்பாலிருந்து கத்தினாள்:
"வெள்ளம் ஒழிக்கல்லே!"

வெள்ளமா? எந்த ஆற்றில்?
எதை ஒழிக்க வேண்டாம் என்கிறாள்?
அருப்புக்கோட்டையிலிருந்து வந்து
பதினோரு நாள்தான் ஆகிறது எனக்கு.
புரியாமல் நின்ற அந்த ஒரு மூச்சில்
குடமும் இடுப்போடு நின்றுவிட்டது.

ஓடி வந்தவள்
முதலில் திருகை அணைத்தாள்.
இட்லிப் பானை மூடியைக்
கேடயம்போல் முன்னே பிடித்து
ஓரத்திலிருந்து தள்ளி மூடினாள்.
திறந்து பார்க்கப் போன என் கையில்
பட்டென்று ஓர் அடி.
"தொறக்கண்டா. ஆறட்டே."

ஆறும்வரை
சிலிண்டர்காரனும் வாசலிலேயே நின்றான்,
மீதி முப்பது ரூபாயை மறந்து.

இப்போது எனக்கு அவள் பாஷை தெரியும்.
ஊற்றியிருந்தால் அன்று
நான் நினைத்த வெள்ளமே வந்திருக்கும்,
தீயாக, கூரைவரை.

மூடி அடுப்புக்கு எட்டும் தூரத்தில்
ஆணியில் தொங்குகிறது.
கருகிய விளிம்பை நான் தேய்ப்பதில்லை.