நோயாளிச் சந்திப்புச் செலவு

கொழும்பிலிருந்து கணக்குப் பார்க்க வந்தவன் நான்.
ஒட்டுசுட்டானில் பஸ்ஸை விட்டிறங்கி
வாய்க்கால் ஓரமாய் மூன்று மைல்
இரவல் சைக்கிளில்.
பையில் ஒரு முறைப்பாட்டுக் கடிதம்.
எங்கள் பிரெஸ்பிற்றேரியன் சபைக்கு
இந்தக் காட்டில் மிஞ்சியது பதினேழு குடும்பம்.
பதினொன்று கையெழுத்து வைத்திருந்தது.

போதகர் அசரியா நல்லதம்பி
கிணற்றடியில் நின்றார், சாரத்தை மடித்துக் கட்டி.
"கணக்கோ? இருங்கோ,
வீரைக்குத் தண்ணி விட்டிட்டு வாறன்."

ஆலயம் பாதி ஓடு, பாதி தறப்பாள்.
மணிக்கூண்டில் மணி இல்லை,
குளவி கூடு கட்டியிருந்தது.

செலவுக் கொப்பியில் மாதாமாதம் ஒரு தொகை:
நோயாளிச் சந்திப்பு.
யார் நோயாளி என்றேன்.
"பாலை ரெண்டு. முதிரை ஒண்டு, அதுக்குக் கறையான்.
குளத்தடி மருதுக்கு நெஞ்சிலை ஷெல் துண்டு.
பிழைச்சிடும்."
அவர் சிரிக்கவில்லை.
நான் பேனாவை மூடினேன்.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.
பிரசங்கம் குறுக்கம்.
வேதவாசகத்தின் நடுவில் நிறுத்தி
ஜன்னல் பக்கம் கைகாட்டி, கேளுங்கோ என்கிறார்;
கேட்டால் அது ஒரு செண்பகம்.
புது மண்டபத்துக்குத் தெற்கு மூலைப் பாலையைத்
தறிக்க விடுகிறார் இல்லை.
மரத்தைக் கும்பிடுகிறாரோ என்று
மூப்பர் வல்லிபுரத்துக்கு ஐயம்.

"கும்பிடேல்லை" என்றார்.
உள்ளே போய்ப் பதிவேடு ஒன்றை எடுத்து வந்தார்.
உரப்பையில் சுற்றி
மண்ணுக்குள் இரண்டு வருடம் கிடந்த வாசம்.

அடக்கங்கள். இரண்டாயிரத்து ஒன்பது.
தை வரைக்கும் நேரான எழுத்து,
பிறகு முழங்காலில் வைத்து எழுதிய எழுத்து.
பெயர். வயது.
கல்லறை எண் வரவேண்டிய கட்டத்தில்:

நாவலடி, வேர் பிரியும் பக்கம்.
இரட்டை விளாவுக்கு வடக்கே ஆறு கவடு.
தாழை. மணல். தலை மேற்கே.
மூன்று பனை; நடுப்பனைக்குத் தலை இல்லை.
பெயர் தெரியாத குழந்தை.
பெயர் தெரியாத செடி, வெள்ளைப் பூ, ஐந்து இதழ்.

நெடுநேரம் அந்தக் கடைசி வரியிலேயே இருந்தேன்.

"திரும்பி வந்த சனம் என்னட்டைத்தான் கேட்டது.
நாப்பத்தொரு பேரிலை இருபத்தாறு பேரைக் கண்டுபிடிச்சம்.
மற்ற மரமெல்லாம் எரிஞ்சு போச்சு.
சிலதைத் தறிச்சிட்டாங்கள்."
இரட்டை விளாவில் இப்போது ஒன்றுதான்.
எந்த விளாவிலிருந்து ஆறு கவடு என்று தெரியாமல்
புளோரன்ஸ் அக்கா தன் மகனுக்கு
இரண்டு இடத்தில் மெழுகுதிரி வைக்கிறாவாம்.

விளங்கிவிட்டது என்று நினைத்துக் கேட்டேன்:
தெற்கு மூலைப் பாலைக்குக் கீழே யார்?

"ஒருத்தரும் இல்லை."
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார்.
"அது வெறும் மரம்.
வைகாசியிலை பழுக்கும், கரடி வரும்.
வேறை நியாயம் என்னட்டை இல்லைத் தம்பி,
அப்பிடியே எழுதிப்போடுங்கோ."

பொழுது பட்டுக்கொண்டிருந்தது.
பற்றைக்குள்ளிருந்து ஒரு சீழ்க்கை,
இரண்டே சுரம், திரும்ப அதே இரண்டு.
அவர் பேச்சை விட்டார்.
"ஆறுமணிக் குருவி. இந்த மாரிக்கு
இண்டைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கு."
இமயத்தடியிலிருந்து இரவிரவாய்ப் பறந்து
இந்தப் பற்றையைப் பிழையாமல் பிடித்த பிடியளவு உடம்பு.
என் மணிக்கூட்டில் ஆறு பத்து.
அவர் தலை குனிந்தார்.
என் தலையும் குனிந்திருந்ததைப்
பிறகுதான் கவனித்தேன்.

அறிக்கையில் எழுதியது இவ்வளவுதான்:
மண்டபம், தீர்மானம் ஒத்திவைப்பு.
பிரசங்கம், இன்னும் கொஞ்சம் நீட்டலாம்.
நோயாளிச் சந்திப்பு, ரசீதுகள் இல்லை;
நேரில் போய்ப் பார்த்தேன்.
மருது தேறி வருகிறது.