ரெண்டு கழிச்சுக்கோணும்

பல்லடத்தில் காற்றுக்கா பஞ்சம்?
ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து
கேத்தனூர்க் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு
கொடியில் கிடந்த என் லேப் கோட்டை
அடுத்த வீட்டு முருங்கையில் மாட்டிவிட்டுப் போகிறது.
அதே ஆடியில்தான்
என் பழைய ஆல்ட்டோவின் பின்சக்கரம், இடதுபக்கத்தது,
ராத்திரியெல்லாம் சத்தமில்லாமல் மூச்சை விட்டுவிட்டு
விடியும்போது சப்பிக் கிடக்கிறது.

பஞ்சர்க்காரர் தொட்டியில் முக்கிப் பார்த்தார்.
"பஞ்சரில்லீங்க, ரிம்மு துரு. மாத்தோணும்னா மூவாயிரம்."
மூவாயிரம் இல்லை.
பங்க்கில் காற்றுப் பிடிக்கிற பையன்
ஏழு மணிக்கு முன்னால் போர்வையை விலக்க மாட்டான்.
நான் ஐந்தரைக்குக் கிளம்பியாக வேண்டும்.
வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க
காப்பித் தண்ணியில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்
காமநாயக்கன்பாளையம் வரைக்கும் பதினோரு பேர்.

உடுமலை ரோட்டில் சென்னியப்பன் கடை.
"காத்தடிக்கிற மெஷின் இருக்குங்களா,
ஆயிரத்தைநூறுக்குள்ள?"
முதலில் கால் பம்ப், அறுநூற்றைம்பது.
"கரண்டே வேண்டாமுங்க, காலு இருந்தாப் போதும்."
அறுபது மிதிக்கு முள் ஆறு ஏறியது.
எனக்கு அதைவிட ஏறியது.

அடுத்தது பேட்டரி வைத்தது, உள்ளங்கையளவு,
பச்சை விளக்கு, விலை மூவாயிரத்து இருநூறு.
அதற்கு ரிம்மே மாற்றிவிடலாம்.
போதாததற்கு அதையும் சார்ஜ் போட வேண்டுமாம்.
செல்லுக்கே மறக்கிறவள் நான்.

மிச்சம் இரண்டு.
வண்டியில் இதுவரை யாரும்
ஒரு பீடிகூடப் பற்றவைக்காத அந்தச் சிகரெட் துளையில்
செருகுகிற ஜாதி.
தொள்ளாயிரத்தைம்பதின் பெட்டிமேல் கொட்டை எழுத்தில்
நூற்றைம்பது வரை அடிக்கும் என்றிருந்தது.
எனக்கு வேண்டியது முப்பது.
அதன் வயரோ பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே
நின்றுவிட்டது.
கடைப் பையன் குட்டியப்பன் டிக்கி வழியாக இழுத்து
எப்படியோ எட்ட வைத்தான்.
ஆயிரத்து நானூறுக்கு வயர் நீளம்,
வால்வில் மரை போட்டுத் திருகுகிற பித்தளை மூக்கு.

ஒரே சக்கரம்தான்.
கடையின் சொந்த அளவுகோல் முப்பது என்றது.
சின்னது இருபத்தேழு. பெரியது முப்பத்திரண்டு.
"எல்லாமே சரிதானுங்க" என்றார் சென்னியப்பன்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

என் பையில் ரத்த அழுத்தக் கருவி இருக்கிறது.
நாலு கருவியை ஒரே கையில் கட்டினால்
நாலு எண் வரும், தெரியும்.
அதனால் வீட்டுத் தாழ்வாரங்களில் செய்வதையே செய்தேன்:
மூன்று முறை.
சின்னது இருபத்தேழு, முப்பத்தொன்று, இருபத்தொன்பது.
பெரியது முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு,
மறுபடியும் முப்பத்திரண்டு.
எப்போதும் ஒரே அளவாய்ப் பொய் சொல்கிறவனோடு
காலம் தள்ளிவிடலாம்.
எனக்குப் பழக்கம் உண்டு.

ஆயிரத்து முந்நூற்று இருபதுக்கு முடிந்தது.
ரெண்டு ஃபியூஸ் சும்மா கொடுத்தார்.
"பத்து நிமிசம் ஓடுனா பத்து நிமிசம் ஆற உடுங்க,
சூடாயிருமுங்க."
ரத்தக் குழாய்களில் பேர் எழுதுகிற பேனாவால்
மூடிமேல் எழுதி வைத்தேன்:
ரெண்டு கழிச்சுக்கோணும்.

வியாழக்கிழமை, கேத்தனூர் தாண்டி, இன்னும் இருட்டு.
இன்ஜினை ஓடவிட்டு மூக்கைத் திருகினேன்.
கிரைண்டரில் கல்லைப் போட்டது மாதிரி ஒரு கத்தல்.
மூன்று தோட்டத்து நாய்கள் பதில் கொடுத்தன.
தலைக்கு மேல் காற்றாலை இறக்கைகள்
அவை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன.
அவ்வளவு காற்றில்
ஒரு கைப்பிடி தானாக இதற்குள் நுழையாது.

செல் அடித்தது. பூங்கோதையக்கா.
"ஏனம்மணி, தலை சுத்துது. காப்பி குடிச்சுப்போடட்டுமா?"
"குடிச்சுப்போடாதீங்க அக்கா, வந்துட்டேன்.
இருபத்தெட்டு ஆயிருச்சு,
முப்பத்திரண்டு வந்தா நிறுத்திருவேன்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.
"சக்கரையா? எனக்கா?"
"இல்லீங்க," என்றேன், மெஷினுக்கு மேல் கத்தி,
"வண்டிக்கு."